நான் அவர் சம்சாரம் இல்லை

என் வீட்டுக்காரரிடம் கிரெடிட் கார்டு இருந்தது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பச்சைப் பொய். தெரியும். கார்டு வந்த அன்றைக்கே என் கையில் கொடுத்து, "பாரு சீதா, என் பேரு எழும்பி நிக்குது" என்று தடவிப் பார்க்கச் சொன்னார். கிள்ளானில் ஒரு ஷோப்பிங் காம்ப்ளெக்ஸ் வாசலில் மேசை போட்டு, குடை இனாமாகக் கொடுத்து ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் போர்ட் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கிராணி. கப்பல் சாமான்களுக்குக் கஸ்டம்ஸ் பாரம் எழுதுகிற வேலை. சம்பளச் சீட்டைக் காட்டினார், கார்டு கொடுத்துவிட்டார்கள்.

மேசையில் உட்கார்ந்திருந்த பெண் என்னையும் விடவில்லை. "அங்கிளோட கார்டிலேயே ஆன்டிக்கும் ஒண்ணு சேத்துப் போடலாம், இங்க ஒரு சைன் மட்டும்" என்றாள். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவளுக்கு முப்பதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். "யாரும்மா இங்க ஆன்டி?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று பக்கத்துக் காய்கறிப் பாசாருக்குள் போய்விட்டேன். இவர் இனாம் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்.

என் வீட்டுக்காரர் ராதாகிருஷ்ணனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். குடி கிடையாது, கூத்தியாள் கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. நல்ல மனுஷன் என்று பெயர் வாங்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் வியாதி. நாலு பேரோடு சாப்பிடப் போனால் பில் தட்டு மேசைக்கு வருவதற்கு முன்பே கார்டு வெளியே வந்துவிடும். அவருடைய அண்ணன் கன்னையா மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது ஃபிரிட்ஜும் சோபாவும் இந்தக் கார்டில்தான் போயின. "மெதுவா கொடுத்துடுறேன்டா தம்பி" என்றார் அந்த அண்ணன், என் மச்சாண்டார். இன்னும் மெதுவாகத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

தொண்ணூற்றெட்டில் மலேசியக் காசின் மதிப்பு விழுந்ததே, அப்போது ஃபார்வர்டிங் கம்பெனியும் விழுந்தது. இவருக்கு வேலை போனது. கூட்டாளி ஒருவரின் லோரியில் வாரத்தில் சில நாள் கிளீனராகப் போய்வந்தார். கார்டுக்கு மட்டும் மாதாமாதம் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. பேங்க், வசூல் கம்பெனி ஒன்றிடம் கணக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. அந்தக் கம்பெனி ஆள் இவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்தான்.

நான் மேருவில் கையுறை தொழிற்சாலையில் பேக்கிங் செக்‌ஷனில் லைன் லீடர். வேலை நேரத்தில் போன் வந்தால், நாற்பது பெண்கள் பார்க்க, சூப்பர்வைசர் கண்ணாடி அறைக்குள் போய் எடுக்க வேண்டும்.

"புவான் சீதாலெட்சுமிங்களா? வணக்கம்க்கா. நான் சபாபதி. ராதாகிருஷ்ணன் அண்ணன் கார்டு விஷயமா."

"அவர் விஷயம்னா அவர்கிட்ட பேசுங்க. எனக்கு ஏன் போன் போடுறீங்க?"

"அவர்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு சொல்றாரேக்கா. புருஷன் கடன்னா சம்சாரத்துக்கும் சேத்துத்தானே? மேரு ரோட் ஃபிளாட் உங்க பேர்லதான் இருக்கு, பார்த்துட்டோம். பேங்க் மனசு வச்சா ஏலத்துக்குப் போயிரும்லா. அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

பேசுகிற தன்மையைப் பார்க்க வேண்டுமே! அக்கா அக்கா என்று தேன் ஒழுகுகிறது. அன்று எந்தப் பெட்டியில் எத்தனை ஜோடி வைத்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அந்த ஃபிளாட் பெரிய மாளிகை இல்லை. மூன்றாவது மாடி, இரண்டு அறை, மழை பெய்தால் சமையலறைச் சுவர் ஈரமாகும். ஆனால் நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், அது துரையுடையது. கல்யாணமாகி வந்தது மச்சாண்டார் வீட்டுப் பின்கட்டில். அங்கே நான் பதினோரு வருஷம் குளியலறைக்கு வரிசையில் நின்றவள். என் சேமநிதியிலிருந்து எடுத்து முன்பணம் கட்டி, மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்து, என் பெயரில் வாங்கிய வீடு. கதவை நான் நினைத்த நேரத்தில் சாத்தலாம், நினைத்த நேரத்தில் திறக்கலாம். அது போய்விடும் என்று ஒருவன் போனில் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வந்து இவரைப் பிடித்து உலுக்கினேன். "ஏங்க, வீடு போயிருமாம். கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"அண்ணன்கிட்ட கேட்போம்" என்றார். இவருக்குத் தலைவலி வந்தால்கூட அண்ணனிடம் கேட்டுத்தான் மாத்திரை போடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சாண்டார் வந்தார். போர்ட் கிள்ளான் கோயில் கமிட்டியில் பொருளாளர். எந்த விஷயமானாலும் அவருக்குத் தெரியாதது கிடையாது, தெரிந்தது சரியாகவும் இருக்காது.

"இந்தா பாரும்மா. செந்தூல்ல அய்யாவு கதை தெரியுமில்ல? அவன் கடனுக்கு அவன் பொண்டாட்டி வீட்டைப் புடுங்கிட்டானுங்க. சட்டம் அப்படித்தான். பொண்டாட்டின்னா பாதி. அவனுங்க விடமாட்டானுங்க." ஒரு மடக்கு தேத்தண்ணி குடித்தார். "ஆனா ஒரு வழி இருக்கு. உங்க கல்யாணம் நம்ம கோயில்லதானே நடந்துச்சு? ரெஜிஸ்டர் பண்ணல. நான்தானே கூட நின்னேன், எனக்குத் தெரியாதா? கவர்மென்ட்ல உங்க கல்யாணமே இல்ல. நீ இவன் சம்சாரமே கிடையாதுன்னு ஒரு சத்தியக் கடுதாசி எழுதிக் கொடுத்துட்டா, பேங்க் உன்னை எதுல பிடிப்பான்?"

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். எழுபத்தொன்பதில் மேளம் கொட்டி, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டுத் தாலி கட்டியவர் இவர். "அதெல்லாம் வேண்டாம்ணே" என்று ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன். இவர் யோசித்து யோசித்துத் தலையை ஆட்டினார். "நல்ல ஐடியாண்ணே" என்றார்.

அடுத்த வாரமே மச்சாண்டார் கோர்ட்டுப் பக்கம் யாரிடமோ கொடுத்து மலாயில் டைப் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு ஒன்று, இவருக்கு ஒன்று. எங்கள் மகள் யோகேஸ்வரி ஃபார்ம் ஃபைவ், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் எழுந்துவந்து என் தாளை எடுத்து வாசித்தாள்.

"கல்யாணம் ஆகாதவள்னு போட்டிருக்கும்மா. ராதாகிருஷ்ணன் என்பவர் எனக்குத் தெரிந்தவர் மட்டும்தான்னு போட்டிருக்கு." தாளை மடித்து மேசையில் வைத்தாள். "அப்ப நான் யாரு?"

மச்சாண்டார், "நீ சும்மா இரு புள்ள, பேங்குக்குக் காட்டத்தான் இது" என்றார்.

"பெரியப்பா, என் பிறப்புப் பத்திரத்துல அப்பா பேரு இருக்கு. அதையும் மாத்தப் போறீங்களா?"

இவரோ தன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் மகளும் காத்திருந்தோம். "நீல மையா, கறுப்பு மையாண்ணே?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீடு போகிறது என்றபோதுகூட அப்படி வரவில்லை. கட்டிய பெண்டாட்டியைத் தெரிந்த ஆள் என்று எழுதிக் கொடுக்க இந்த மனுஷனுக்கு மையின் நிறம் மட்டும்தான் சந்தேகம். அன்றிரவு சமைத்து மூடி வைத்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டேன். ஆனாலும் வீட்டை விட மனசு வரவில்லை. பின்கட்டு ஞாபகம் வந்தது. சரி, எழுதிக் கொடுத்துத் தொலைப்போம் என்று முடிவு செய்தேன்.

இவர் தாளுக்கு வீட்டில் போட்ட கையெழுத்தே போதுமாம். என் தாளில் மட்டும் சத்தியம் வாங்குகிற அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். கிள்ளான் கோர்ட்டுக்கு எதிரே கடைவீட்டு மாடியில் ஒரு வயதான மலாய்க்காரர், அவருக்கு அந்த அதிகாரம் உண்டு. "தாலியை உள்ள போட்டுக்க, பொட்டு வேணாம், மெட்டியைக் கழட்டிரு" என்று மச்சாண்டார் படிக்கட்டில் வைத்துப் பாடம் நடத்தினார். மெட்டி கழலவில்லை. கால் விரல் மறைகிற மாதிரி சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே போனேன். மச்சாண்டார் வாசலில் நின்றுகொண்டார். இவர் மட்டும் என்னோடு உள்ளே வந்தார்.

பெரியவர் தாளைப் படித்தார். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அங்கே இவர் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, எப்போதும் போல உட்கார்ந்திருந்தார்.

"இவர் யார்?" என்று மலாயில் கேட்டார் பெரியவர்.

இவர் பளிச்சென்று, "இவங்க புருஷன், இன்சே" என்று மலாயிலேயே சொல்லிவிட்டார்.

பெரியவர் தாளை மடித்து என்னிடமே நீட்டினார். கோபப்படவில்லை. "வீட்டுக்குப் போங்க. பொய்யா சத்தியம் பண்ணினா ஜெயில். முதல்ல ஒரு லோயரைப் பாருங்க" என்றார். காசும் வாங்கவில்லை.

வாசலில் மச்சாண்டார் தலையில் அடித்துக்கொண்டார். "எருமை! புருஷன்னு ஏன்டா சொன்ன?"

"கேட்டாருண்ணே. வாயில வந்துருச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சாண்டார் முன்னால் அப்படிச் சிரித்ததே இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியோடு வீட்டுக்கு வந்தேன்.

லோயர் யாரைப் பார்ப்பது? என் லைனில் வேலை செய்கிற வீரம்மாவின் விவாகரத்தை முடித்துக் கொடுத்த அம்மா ஒருவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்தார். மீனலோசனி என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு சனிக்கிழமை காலை கொமூட்டர் ரயிலில் ஏறி நானும் இவரும் போனோம். மச்சாண்டாரை அழைக்கவில்லை.

அந்த அம்மா நரைத்த கொண்டையும் கறுப்பு கவுனுமாக இருப்பார் என்று நினைத்தேன். பூப்போட்ட சட்டை, கையில் கறிபஃப். நான் சொன்ன கதையை முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்கக் கறிபஃபை மேசையில் வைத்துவிட்டார்.

"உங்கட புருஷன்ர கடனுக்கு நீங்கள் பொறுப்பெண்டு ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்கம்மா. வசூல்காரன் சொல்றான், மச்சாண்டார் சொல்றார்."

"அவையள் சட்டம் படிச்சவையே? கார்டு ஆரின்ர பேரில? அவற்ற பேரில. பேங்கோட ஒப்பந்தம் போட்டது ஆர்? அவர். நீங்கள் அவரைக் கலியாணம் செய்தனீங்கள், அவற்ற கார்டை இல்லை. இப்ப வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. அந்தக் கார்டில உங்களுக்கெண்டு சேர்த்து ஒரு கார்டு எடுத்தனீங்களோ? கேரண்டி எண்டு எங்கயாவது கையெழுத்து வச்சனீங்களோ?"

ஆன்டி என்று கூப்பிட்டவளை நினைத்துக்கொண்டேன். அவள் மட்டும் அக்கா என்று கூப்பிட்டிருந்தால் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். "இல்லம்மா. எதிலும் கையெழுத்துப் போடல" என்றேன்.

"அப்ப உங்கட வீட்டில ஒருத்தரும் கை வைக்கேலாது. ஒரு செங்கல்லைக்கூட எடுக்கேலாது. விளங்குதோ?"

"அய்யாவு சம்சாரம் வீட்டைப் புடுங்கிட்டாங்களேம்மா?"

"அந்த மனுசி கேரண்டியில கையெழுத்து வச்சிருக்கும். பொண்டாட்டியா இருக்கிறதால ஒருத்தரும் கடன்காரர் ஆகிறதில்லை. கையெழுத்து வச்சாத்தான் ஆகிறது." பிறகு இவர் பக்கம் திரும்பினார். "உங்கட கலியாணம் எந்த வருஷம்?"

"எழுபத்தொன்பதும்மா. கோயில்ல."

"எண்பத்திரண்டுக்கு முன்னம் முறைப்படி நடந்த கலியாணம் ரெஜிஸ்டர் பண்ணாட்டியும் செல்லும். சட்டத்தில நீங்கள் ரெண்டு பேரும் அப்பவே புருஷன் பெண்சாதிதான். அந்தத் தாளில இவ சத்தியம் பண்ணியிருந்தா, இல்லாத கடனுக்குப் பயந்து இருக்கிற ஜெயிலுக்குப் போயிருப்பா. அண்ணரிட்டச் சொல்லுங்கோ."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். படியிறங்கும்போது, "அப்ப கடன் எனக்கு மட்டும்தானா சீதா?" என்று கேட்டார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் அவரைப் பற்றி யோசிக்க இடமில்லை. என் வீடு பிழைத்தது என்ற சந்தோஷத்தில் பூரித்துப்போயிருந்தேன். கீழே கடையில் இருவருக்கும் தோசை வாங்கிக் கொடுத்தேன், என் காசில்.

கதை அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அடுத்த சனிக்கிழமை மாலை நான் ஷிப்ட் முடிந்து வந்தால், என் ஹாலில் மச்சாண்டார் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் டை கட்டிய ஒல்லிப் பையன் ஒருவன். இவர் அவனுக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருக்கிறார். அவன்தான் சபாபதி. போனில் கேட்டபோது ஐம்பது வயது இருக்கும் என்று நினைத்தேன்.

"உட்காரும்மா" என்றார் மச்சாண்டார், என் வீட்டில் என்னைப் பார்த்து. "எல்லாம் நல்லபடியா பேசி முடிச்சாச்சு. லோயர் சொன்னதைத் தம்பி சொன்னான். சரி, பேங்க் உன்கிட்ட கேட்க முடியாது. ஆனா இவனைக் கோர்ட்டுக்கு இழுத்து பேங்க்ரப்ட் ஆக்கிருவான். ஆக்கினா பாஸ்போர்ட் கிடையாது, ஒரு லோன் எடுக்க முடியாது, கோயில் கமிட்டியில என் முகத்துலயும் கரி. அதுக்குத்தான் இந்தத் தம்பி ஒரு வழி சொல்றாரு."

சபாபதி பையிலிருந்து தாள்களை எடுத்து என் முன்னால் பரப்பினான். "வட்டியைக் குறைச்சிரலாம்க்கா. சின்னச் சின்னதா மாசம் கட்டினாப் போதும். அண்ணனுக்கு நிலையான வேலை இல்ல பாருங்க, அதனால நீங்க ஒரு கேரண்டி மட்டும். இங்க ஒரு சைன், இங்க ஒரு சைன்."

"என்னை மட்டும் ஏன் கேட்குறீங்க?"

"நீங்க அண்ணனோட சம்சாரம்தானேக்கா."

"கட்டினவதானேம்மா நீ" என்றார் மச்சாண்டார். "புருஷனுக்கு ஒரு கஷ்டம்னா பொண்டாட்டி தோள் கொடுக்க மாட்டாளா? ஊரு என்ன பேசும்?"

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "மாமா, போன மாசம் நான் இவர் சம்சாரமே இல்லைன்னு மலாயில டைப் அடிச்சுக் கொண்டாந்தது யாரு? மெட்டியைக் கழட்டச் சொன்னது யாரு? வீடு போகும்னப்ப நான் யாரோ. இப்ப கையெழுத்து வேணும்னதும் சம்சாரமா? கல்யாணம் என்ன லைட் சுவிட்சா, நீங்க வந்து வந்து தட்டிட்டுப் போறதுக்கு?"

"வார்த்தையை அளந்து பேசு."

"அளந்துதான் பேசுறேன். உங்க மக வீட்டு ஃபிரிட்ஜும் சோபாவும் இந்தக் கடன்லதான் இருக்கு. உங்களுக்குப் போர்ட் கிள்ளான்ல சொந்த வீடு இருக்கு. கூடப் பிறந்த அண்ணன். இந்தாங்க பேனா. நீங்க போடுங்க கேரண்டி."

சபாபதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தாள்களை அப்படியே அவர் பக்கம் திருப்பிவைத்தான். பாவம், அவனுக்கு யார் போட்டால் என்ன. மச்சாண்டார் பேனாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கோயிலில் கூட்டம் இருக்கிறது என்றார். கார் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சபாபதி மறுபடியும் தாள்களை என் பக்கம் திருப்பினான். இப்போது இவர் என் எதிரில் வந்து நின்றார்.

"சீதா. ஒரே ஒரு கையெழுத்து. நான் கட்டிருவேன். சத்தியமா நீ ஒரு காசு கட்ட வேண்டி வராது."

அவர் பொய் சொல்லவில்லை. கட்ட வேண்டும் என்றுதான் நினைத்தார். அந்தச் செந்தூல் அய்யாவுவும் அப்படித்தான் நினைத்திருப்பான். அறைக் கதவருகே யோகேஸ்வரி நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"முடியாதுங்க" என்றேன்.

"அப்ப நீ என் சம்சாரம் இல்லையா?"

"சம்சாரம்தான். அதனாலதான் போட மாட்டேன். இதுல நான் கையெழுத்துப் போட்டா, நீங்க ஒரு மாசம் தவறினாப் போதும், நம்ம மூணு பேரும் திரும்ப உங்க அண்ணன் வீட்டுப் பின்கட்டுலதான். போட மாட்டேன்." தாள்களை ஒன்றாக அடுக்கிச் சபாபதியின் கையில் கொடுத்தேன். "தம்பி, கடன் வாங்கினது இவரு. இவரு பேருக்கு எழுதுங்க, இவரால முடிஞ்சதை இவரு கட்டட்டும். தேத்தண்ணி குடிச்சாச்சுன்னா கிளம்புங்க. இனி என் தொழிற்சாலைக்குப் போன் வந்தா அந்த லோயரம்மா உங்க ஆபீசுக்கு வருவாங்க."

அவன் போனான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். இவர் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னை பேங்க்ரப்ட் ஆக்கிருவானுங்க, சீதா."

"ஆக்கட்டும். பேங்க்ரப்ட் ஆன ஆளுக்கும் இந்த வீட்டுல சோறு உண்டு" என்றேன். "எழுந்து போய்க் கை கழுவிட்டு வாங்க."